கோளாறு எழுதும் தாளில் ஒரு ஜெபம்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு ஏழு வருஷமாகச் சபையின் மேல் கடுப்பு. லிஃப்ட் குழியில் எண்ணெய் வழுக்கி அவர் காலை உடைத்துக்கொண்டபோது, போதகர் ஞாயிறு ஆராதனையில் அவர் பேரைச் சொல்லி, குடியிலிருந்து அவரை விடுவிக்கும்படி உருக்கமாக ஜெபித்துவிட்டார். குடித்துவிட்டுத்தான் விழுந்தார் என்று எவனோ பற்றவைத்தது. மனுஷன் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. அன்றைக்கு ஆமென் சொன்னவர்களில் பாதிப் பேர் இன்றைக்கும் அவர் பக்கத்தில் உட்கார்ந்தால் மோந்து பார்க்கிறார்கள்.

அதனால் டிசம்பர் முதல் வாரம் வேலை போனபோது அவர் யாரிடமும் மூச்சுவிடவில்லை. மனைவியிடம்கூட.

காலையில் அதே யூனிஃபார்ம், அதே பை. கருவிகளைக் கம்பெனி திருப்பி வாங்கிக்கொண்டது. பை கனக்க வேண்டுமே என்று இரண்டு செங்கலைத் துணியில் சுற்றி உள்ளே போட்டார். ஐந்து கம்பெனி ஏறி இறங்கினார். பண்டிகை முடியட்டும், ஜனவரியில் வாருங்கள் என்றே எல்லா இடத்திலும் சொன்னார்கள். மிச்ச நேரம் ஆஸ்பத்திரிக் கூடத்தில் உட்கார்ந்திருப்பார். அங்கே ஒருவன் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அங்கிருந்த லிஃப்ட் நிற்கும்போதெல்லாம் ஒரு குலுக்குக் குலுக்கியது. பிரேக் தேய்ந்துவிட்டது. போய்ச் சொல்லலாம், சொல்ல இப்போது அவர் யார்?

வீட்டுக்கு வந்தால் மகள் ஜன்னலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருப்பாள். மனைவியின் போன் அடித்தாலே இவர் காதைத் தீட்டிக்கொள்வார். கம்பெனி ஆள் யாராவது உளறிவிட்டானோ? ஜெபிக்கக் கண்ணை மூடினால் ஆண்டவர் முகம் வராது, அந்தப் பைதான் வரும்.

சபைக் கோயில் வாசலில் ஒரு பெட்டி உண்டு. பேர் போடாமல் விண்ணப்பம் எழுதிப் போடலாம். கிறிஸ்மஸுக்கு முந்தின ஞாயிறு பெண்கள் ஆளுக்கொரு சீட்டு எடுத்து, பண்டிகை வரை வீட்டில் அதற்காக ஜெபிப்பார்கள். நூறு பெண்களுக்கு மேல். யார் கையில் போனால் என்ன என்று சட்டைப்பையில் இருந்த தாளைக் கிழித்து எழுதிப் போட்டார்: 'வேலை போன ஒருவன். வீட்டில் சொல்லப் பயமாக இருக்கிறது.'

அந்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்தது. மகள் பாட்டுப் பயிற்சிக்குப் போய்விட்டாள். மனைவி கையைத் துடைத்துக்கொண்டு, காலையில் கோயிலில் எடுத்த சீட்டைப் பிரித்து, வாய்விட்டுப் படித்தாள்.

"பாவம், யாரு பெத்த பிள்ளையோ," என்றவள் தாளைத் திருப்பினாள்.

பின்பக்கத்தில் கட்டம் கட்டி அச்சடித்திருந்தது. லிஃப்ட் எண், மாடி, கோளாறு. பதினெட்டு வருஷமாக அவர் சட்டையைத் துவைக்கும்போதெல்லாம் பையிலிருந்து அவள் எடுத்துப் போடும் அதே தாள். முன்பக்கம் திருப்பி எழுத்தை இன்னொரு தடவை பார்த்தாள்.

அவர் கதவைப் பார்த்தார். எழுந்து ஓடிவிடலாம்போல இருந்தது.

"எத்தனை நாளா?"

"மூணு வாரம்."

"அந்தப் பையில என்னங்க வச்சிருக்கீங்க?"

"செங்கல்."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"பேசாம என்கிட்ட சொல்லியிருக்கலாம். செங்கல்லத் தூக்கிட்டு அலைஞ்சீங்களாக்கும்."



அவள் நாற்காலியை நகர்த்திவிட்டுத் தரையில் முழங்கால் போட்டாள்.

"நாளைக்கு எங்கயும் போக வேணாம். இப்ப இங்க வந்து என் பக்கத்துல முழங்கால் போடுங்க."