போர்டுக்குள் ஹஃப்சாவின் கையெழுத்து

பட்டனை அழுத்திவிட்டுப் பாசில் உட்கார மாட்டான். கடைக் கம்ப்யூட்டரின் திரையில் கோணல்மாணலான வெள்ளை எழுத்தில் "சாப்டீங்களா?" என்று வரும்வரை நின்றுகொண்டே இருப்பான். வந்ததும், "ஆச்சும்மா" என்று சொல்லிவிட்டுத்தான் நாற்காலியை இழுப்பான். சாப்பிடாத நாளிலும் அதே பதில்தான்.

தேரடி வீதிப் பக்கம், மாடியில் ஒற்றை அறைதான் அவன் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை. திருகாணி தொலையாமலிருக்கச் சட்டைப் பைக்குள் ஒரு காந்தம் வைத்திருப்பான். வீட்டுக்குப் போகும்போது நெஞ்சில் நாலைந்து ஒட்டிக்கொண்டு கூடவே போகும். செத்த போர்டு என்று யாராவது நீட்டினால் முகம் சுளிப்பான். "செத்துடுச்சுன்னு சொல்லாதீங்க. மயக்கமா கீது, அவ்ளோதான்."

அந்த எழுத்து அவன் மனைவி ஹஃப்சாவுடையது. சவுதியில், தம்மாமில் ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்துக் கிளம்புவதற்கு முந்தைய நாள், கடைக்கு வந்து மவுஸைப் பிடித்து எழுதினாள். மெஷினைப் போட்டதும் கம்பெனி முத்திரை வரவேண்டிய இடத்தில் பாசில் அதை ஏற்றிவைத்தான். மெஷின் கண் விழித்ததும் முதலில் படிக்கிற நிரல், போர்டில் ஒரு சின்னஞ்சிறு சிப்பில் இருக்கும். எழுத்தும் அதற்குள்தான். வேறெங்கும் பிரதி கிடையாது. இத்தனைக்கும், "அப்டேட்டுக்கு முன்னாடி ஒரு காப்பி எடுத்து வெச்சிக்கோங்க" என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன்.

போன பௌர்ணமியன்று அந்த நிரலைப் புதுப்பிக்க உட்கார்ந்தான். அவள் எழுத்துப் படம் அப்படியே இருக்கட்டும் என்று டிக் போட்டுவிட்டுத்தான் தொடங்கினான். பாதியில் கரண்ட் போனது. யு.பி.எஸ். ஒரு முனகலோடு அடங்கியது. அதன் பேட்டரி உப்பி மாதக்கணக்காகிறது. கரண்ட் திரும்பியபோது விசிறி மட்டும் சுற்றியது. திரை இருட்டு.

பக்கத்து ஜெராக்ஸ் கடை ராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். "இன்னாபா, அடுத்தவங்க போர்டுன்னா மத்தியானத்துக்குள்ள எழுப்பிடுவியே?"

"புது ஃபைல் ஏத்துனா எழுந்துக்கும்ணா. எழுத்து பூடும்."

"அந்தப் பொண்ணுகிட்டயே இன்னொரு தபா எழுதி வாங்கிக்கோயேன்."

பாசில் போர்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கேட்டால் அனுப்புவாள். ஆனால் அது தம்மாமிலிருந்து எழுதியதாக இருக்கும். இந்த நாற்காலியில், அவன் தோளில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "சிரிக்காதீங்க, கை நடுங்குது" என்று எழுதியதாக இருக்காது.

மத்தியான இடைவேளையில் ஹஃப்சா கூப்பிடுவாள். முதல் கேள்வியே, "காலையில மெஷின் கேட்டுச்சாங்க?" என்பதுதான்.

"கேட்டுச்சு."

அந்த வாரம் முழுக்க இதே பொய். போனை வைத்ததும் போர்டின்மேல் குனிவான். சிப்பின் கால்களைக் கிளிப்பால் கவ்வி, உள்ளிருந்ததை லேப்டாப்புக்கு இழுத்தான். வெறும் குப்பைதான் வந்தது. சூடுகாட்டிச் சிப்பையே பெயர்த்தெடுத்து மறுபடி படித்தான். புது நிரல் இன்னும் மேலெழுதாமல் விட்டிருந்த ஒரு மூலையில் அந்தப் படம் கிடந்தது. முழுசாக இல்லை. மேல்பாதிக்குப் பிறகு சாம்பல் நிறம்தான்.

கிடைத்ததைப் புது நிரலோடு சேர்த்து எழுதி, சிப்பைப் பழையபடி பற்றவைத்தான். மெஷின் எழுந்தது. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நிற்பவர்களைப் போல எழுத்துகள் வரிசையாக நின்றன. அவை மறைவதற்குள் கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டி அப்படியே நிறுத்தினான்.

போன் அடித்தது. இன்று வீடியோவில் எடுத்தான்.

"மெஷின் கேட்டுச்சாங்க?"

"பாதிதான் கேக்குதும்மா. நாந்தான் கெடுத்துட்டேன்." கேமராவைத் திரைப் பக்கம் திருப்பினான்.

ஹஃப்சா போன் கண்ணாடியோடு ஒட்டுமளவுக்கு முகத்தைக் கிட்டே கொண்டுவந்தாள். பிறகு அவள் சுட்டுவிரல் எழும்பியது. தன் போனின் கண்ணாடிமேல், விட்டுப்போன கீழ்ப்பாதிகளை ஒவ்வோர் எழுத்தாக இழுத்து முடித்துக்கொண்டிருந்தாள்.