பாதியில் நின்ற லிஃப்ட்

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். ஓசூர் பக்கம் ஒரு மருத்துவக் கல்லூரியில் ஹவுஸ்கீப்பிங் வேலை. எதற்கெடுத்தாலும் பயப்படுவேன்.

போன வருஷம் ஒருநாள் காது டாக்டர் மேடத்தோடு லிஃப்டில் ஏறினேன். கம்பெனி மிஷின் சத்தத்தில் தொழிலாளிகளுக்குக் காது மந்தமாவதை ஆராய்ச்சி செய்ய, கல்லூரி தன் டாக்டர்களுக்கு வருஷம் ஒருமுறை கொடுக்கும் நிதியைக் கேட்க மேடம் நாலாவது மாடியில் நடக்கும் கூட்டத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். அங்கே பேர் கூப்பிடும்போது ஆள் இல்லையென்றால் அந்த வருஷம் நிதி கிடையாது.

லிஃப்ட் பாதியில் நின்றது. நான் மூலையில் உட்கார்ந்துவிட்டேன். எலக்ட்ரீஷியன் மேலே கதவைக் கொஞ்சம் விலக்கி, "ஸ்டூல் இறக்கறேன், ஏறி வந்துருங்க மேடம். உங்க பேரைத்தான் கூப்பிடறாங்க" என்றார்.

அந்தச் சந்தில் ஏற எனக்குப் பயம். "நீங்க போங்க மேடம், நான் இருந்துக்கறேன்" என்று பொய் சொன்னேன்.

"உன்னை இப்படி விட்டுட்டு அங்க போய் என்னத்தைப் பேசறது?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

லிஃப்ட் மறுபடி ஓடியபோது கூட்டமே முடிந்திருந்தது. என்னால்தான் போச்சு என்று வருஷம் முழுக்கப் புழுங்கினேன்.

இந்த வருஷம் மேடம் லிஃப்டைத் தாண்டிப் படிக்கட்டுக்கு நடந்தார்கள். ஏன் என்று கேட்டேன்.

"அன்னைக்கு அந்தச் சந்துல ஏற எனக்கும் பயம்தாம்மா."

நானும் கூடவே ஏறினேன். மேலே மேடம் பேரைக் கூப்பிட்டபோது அவர்கள் கையைப் பிடித்தேன். சில்லென்று இருந்தது. படிக்காததால்தான் இந்தப் பயம் என்று அதுவரை நினைத்திருந்தேன்.