கடல் இருக்கும் பக்கம்

மடிக்கணினித் திரையில், பின்னக் கணக்குக் கேள்விக்கு நேராக என் வகுப்பு முழுவதும் சிவப்பு. "எக்ஸ்ட்ரா கிளாஸ் போட்டுடலாம் மிஸ்," என்றார் ஒருங்கிணைப்பாளர். எனக்கோ சரோஜா டீச்சரின் சிவப்பு மை வாசனை மூக்கில் ஏறியது.

மயிலாப்பூரில் அப்போது ஐந்தாம் வகுப்பு. கேரள வரைபடத்தைக் கொடுத்து, கடல் எந்தத் திசையில் இருக்கிறது என்று டீச்சர் தேர்வில் கேட்டிருந்தார். ஒருவர் பாக்கியில்லாமல் கிழக்கு என்று எழுதியிருந்தோம். அடி நிச்சயம் என்று உள்ளங்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டேன். அவரோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எல்லாரும் ஒரே தப்பு பண்ணியிருக்கீங்களே, எப்படி?" என்றார்.

முன்பெஞ்சு பாத்திமா எழுந்தாள். "நீங்கதானே டீச்சர் சொன்னீங்க, கடல் கீற பக்கம்தான் கிழக்குன்னு?"

கடற்காற்றில் விடைத்தாள்கள் படபடத்தன. டீச்சர் சிரித்துவிட்டார். "அப்போ தப்பு என்னோடது. மாடிக்கு வாங்க, சூரியனை வச்சு முதல்லேருந்து பாக்கலாம்."

"எக்ஸ்ட்ரா கிளாஸ் இருக்கட்டும் சார்," என்று மடிக்கணினியை மூடிவிட்டு வகுப்புக்குப் போனேன்.

"அந்தப் பின்னக் கணக்கை எப்படிப் போட்டீங்க?"

கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது. "நீங்க போர்டுல போட்ட மாதிரியேதான் மிஸ்."