ஏழாம் நம்பர் பெட்டியும் ஜெயராணியும்

ஜெயராணி போய்விட்டார்.

இன்று காலை அவர் மகன் போன் செய்தான். "அம்மா தூக்கத்துலயே போயிட்டாங்க மாமா…"

இங்கே பலருக்கு அவரைத் தெரியாது. தொண்ணூறுகளில் ராஜபாளையத்தில் ஒரு ஸ்பின்னிங் மில்லில் நாங்கள் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் ஷிப்ட் சூப்பர்வைசர். அவர் எலக்ட்ரானிக்ஸ் செக்‌ஷன். தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வருவார். அந்த செக்‌ஷனில் ஒரே பெண்.

நூல் நூற்கும் ஒவ்வொரு மெஷினிலும் ஒரு சின்னப் பெட்டி இருக்கும். எவ்வளவு நூல் ஓடியது என்று எண்ணிக் காட்டும். அந்தப் பெட்டியை வடிவமைத்தது, புரோகிராம் எழுதியது, சால்டரிங் செய்தது எல்லாமே ஜெயராணிதான்.

அப்போதெல்லாம் கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. போனால் அதுவரை ஓடியது எல்லாம் பூஜ்யம். அதற்காகத்தான் பெட்டிக்குள் ஒரு மெமரி சிப் வைத்தார். கரண்ட் இல்லாவிட்டாலும் எண்ணை மறக்காத சிப்.

முதல் பெட்டியை ஏழாம் நம்பர் மெஷினில் மாட்டிய அன்று, மேனேஜர் முன்னால் அவரே மெயினை ஆஃப் செய்தார். திரும்ப ஆன் செய்ததும் அதே எண் வந்து நின்றது. கைதட்டினோம்… அவருக்கு வெட்கம் தாங்கவில்லை, துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டே நின்றார்.

நாற்பது மெஷினுக்கும் பெட்டி வந்தது.

ஒரு வருஷம் போயிருக்கும். ஏழாம் நம்பரில் எண் தாறுமாறாக வர ஆரம்பித்தது. கரண்ட் போய் வந்தால் இருந்ததைவிட மூன்று மடங்கு காட்டும். அதுவும் இரண்டு தடவை பேச்சியம்மாள் ஷிப்டில்.

பேச்சியம்மாள் சேத்தூர்க்காரர். அந்த மெஷினைப் பார்த்துக்கொள்பவர். புரொடக்‌ஷனை ஏற்றிக் காட்ட அவர்தான் பெட்டியில் கை வைத்திருக்கிறார் என்று ரிப்போர்ட் எழுதினேன். ஆமாம், எழுதியது நான்தான்.

அவர் அழவில்லை. "நா அதத் தொடக்கூட இல்ல சார்" என்று மட்டும் சொன்னார். விசாரணை முடியும்வரை வேலைக்கு வரவேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள்.

ஜெயராணி அந்தப் பெட்டியைக் கழற்றி எடுத்துப்போய் மூன்று நாள் உட்கார்ந்தார். சாப்பாட்டு நேரத்தில்கூட வெளியே வரவில்லை.

விசாரணை அன்று யாரும் கூப்பிடாமலேயே மேனேஜர் ரூமுக்குள் வந்தார்.

"சார், பேச்சியம்மா மேல தப்பு இல்ல. தப்பு எம் மேல."

மேனேஜருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.

"அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்கா எண்ண சிப்புல ஒரே எடத்துல எழுதுற மாதிரி புரோகிராம் பண்ணிட்டேன் சார். ஒரு எடத்துல சுமாரா லட்சம் தடவதான் எழுதலாம், பொறவு அந்த எடம் செத்துப்போகும். சிப்பு கம்பெனிக்காரன் புக்குல போட்டுருக்கான்… நான்தான் கணக்குப் போட்டுப் பாக்கல. மொதல்ல மாட்டுனது ஏழாம் நம்பர்ங்கிறதால அது மொதல்ல போயிருக்கு."

"அப்ப மத்த மெஷினு?" என்றார் மேனேஜர்.

"அதுவும் வரிசையாப் போகும் சார்."

வெளிக் கம்பெனியில் பெட்டி வாங்கலாம் என்று ஏற்கெனவே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாயாலேயே அதற்கு வழி செய்து கொடுத்தார். அந்த வருஷம் அவருக்கு வரவேண்டிய புரமோஷன் வரவில்லை.

பெட்டிகளைச் சரிசெய்ய ஒரு மாதம் மட்டும் அவகாசம் கேட்டு வாங்கினார்.

புதிய புரோகிராமில் ஒவ்வொரு தடவையும் அடுத்த அடுத்த இடத்தில் எழுதும்படி செய்தார். கூடவே ஒரு வரிசை எண், கரண்ட் வந்ததும் எது கடைசியாக எழுதியது என்று கண்டுபிடிக்க. எழுதியதை உடனே திரும்ப வாசிக்கும். ஒத்துவரவில்லை என்றால் அந்த இடத்தைக் கெட்டது என்று குறித்துவைத்துத் தாண்டிப் போய்விடும்.

டெஸ்ட் பண்ண என்னைக் கூப்பிட்டார். "அண்ணே, நான் சொல்லும்போது மெயின ஆஃப் பண்ணுங்க… ம், இப்ப!" எத்தனை தடவை அந்த சுவிட்சை இழுத்திருப்பேன்… கை வலித்துவிட்டது.

பார்த்தால், ஏழாம் நம்பரிலிருந்து கழற்றிய அதே கெட்ட சிப்பைத்தான் போட்டு வைத்திருந்தார். "புதுசப் போட்டுப் பாக்க வேண்டியதுதான?" என்றேன்.

"நல்ல சிப்புல எல்லாம் ஓடும்ணே. இதுல ஓடுனாத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

ஓடியது. அன்றைக்குத்தான் பல நாளுக்கு அப்புறம் சிரித்தார்.

பஸ் ஸ்டாண்டு வரை சேர்ந்து நடந்தோம். "பேச்சியம்மாட்ட பேசுனீங்களா?" என்று கேட்டார். திரும்ப வரச்சொல்லி ஆபீஸிலிருந்து லெட்டர் போயிருக்கும், அவர்தான் இன்னும் வரவில்லை என்றேன். "நான் செஞ்ச தப்ப நான் சொல்லிட்டேன்ணே… ஒங்களது பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறிவிட்டார்.

மறுநாள் சேத்தூர் போனேன். பேச்சியம்மாள் வாசலிலேயே நிறுத்தி, "அந்த ரிப்போர்ட்டக் கிழிச்சாச்சா சார்?" என்று கேட்டார்.

"கிழிச்சாச்சும்மா. நான் எழுதுனது தப்பு."

"அப்ப நாளைக்கு வாரேன்."

அந்தப் பெட்டிகள் மெஷின்களை மாற்றும்வரை ஓடின…

நாளை மாலை நான்கு மணிக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் அடக்கம். பழைய மில் ஆட்கள் வருவதாக இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள், ராஜபாளையத்திலிருந்து சேர்ந்தே போகலாம்.

பேச்சியம்மாளுக்கு இப்போதுதான் போன் செய்தேன். முழங்கால் வலியில் எழுந்து நடக்கவே சிரமம் அவருக்கு. ரொம்ப நேரம் அழுதார்… பிறகு, "கார்ல எனக்கு ஒரு எடம் போட்டு வைங்க சார்" என்றார்.

போட்டு வைத்திருக்கிறேன்.

போய் வாங்க ஜெயா.