சவிரியம்மா யாரை ‘நீர்’ என்றாள்?

அன்னபூரணம் லேசில் எதையும் நம்புகிறவள் இல்லை. பாற்காரி ஊற்றிய பாலை விரலால் தொட்டுப் பார்ப்பாள். ஐயர் தந்த விபூதியைக்கூட ஒருதரம் முகர்ந்துவிட்டுத்தான் பூசுவாள். வேலணையில் புகையிலைத் தோட்டமும் கல்வீடும் உள்ள ஐயாத்துரையைக் கட்டிப் பதினைந்து வருஷமாகியும் அவர்மேல் ஒரு கண் வைத்தபடியேதான் இருந்தாள்.

பக்கத்து வளவில் சவிரியம்மா இருந்தாள். கிறிஸ்தவப் பெண்; ஊரில் வேதக்காரி என்பார்கள். அறுபத்துநாலாம் ஆண்டுப் புயல் அவள் புருஷன் பிலிப்பைக் கடலோடு கொண்டுபோய்விட்டது. பிள்ளைகளும் இல்லை. கிழிந்த வலைகளைப் பொத்திக் கொடுத்தும் கருவாடு காயவைத்தும் சீவித்தாள். முதல் வருஷம் அவள் அழுத அழுகை ஊருக்கே கேட்டது. இப்போதோ சிரிக்கிறாள். அதுதான் அன்னபூரணத்துக்குப் பொறுக்கவில்லை. தாலி போனவளுக்கு இவ்வளவு சந்தோஷம் எங்கிருந்து வரும்? யாராவது கொண்டுவந்து கொடுத்தால்தானே வரும்!

அதோடு மாசி மாதம் தொடங்கி ஐயாத்துரை பின்னேரங்களில் வீட்டில் தங்குவதில்லை. கேட்டால், “சும்மா நடந்துபோட்டு வாறன்” என்பார். சும்மா நடக்கிற மனிதருக்குச் சலவைச் சால்வை எதற்காம்?

ஒருநாள் பின்னேரம், அவர் வெளிக்கிட்டுப் போன கையோடு, கிடுகு வேலியில் இருந்த பொட்டில், அந்தச் சின்ன ஓட்டையில், காதை வைத்தாள்.

“நீர் பக்கத்தில இருக்கேக்க எனக்கென்ன குறை?” சவிரியம்மாவின் குரல். பிறகு ஒரு சிரிப்பு. “நீர் என்னை விட்டுட்டுப் போகமாட்டீர். அது எனக்குத் தெரியும்.”

அன்னபூரணம் கணக்குப் போட்டாள். மரியாதைக்குரிய ஆள் என்றால் நீங்கள் என்றிருப்பாள். சின்னப்பிள்ளை என்றால் நீ. நீர் என்றால் சரிக்குச் சரி பழகுகிறவன். பதினைந்து வருஷக் குடித்தனம் மண்ணாய்ப் போயிற்றே என்று நெஞ்சு எரிந்தது.

வேலியைப் பிய்த்துக்கொண்டு உள்ளே புகுந்தாள். முற்றத்தில் சவிரியம்மா வலையும் கையுமாகத் தனியே இருந்தாள். அன்னபூரணம் அவளைத் தாண்டிக் குசினிக்குள், அடுப்படிவரை போனாள். கதவுக்குப் பின்னால் பார்த்தாள். கவிழ்த்து வைத்திருந்த கடகப் பெட்டியைக்கூட நிமிர்த்திப் பார்த்தாள்.

“என்னக்கா தேடுறீங்கள்?”

“அவர் எங்கை?”

“ஆர்?”

“நீர் நீர் எண்டு கொஞ்சினியே, அவர்!”

சவிரியம்மா வலையைக் கீழே போட்டாள். பிறகு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். “ஆண்டவரோட கதைச்சனான், அக்கா. செபத்தில நாங்கள் அவரை நீர் எண்டுதான் சொல்லுறது.”

முருகனை நீ, வா, போ என்று கூப்பிட்டு வளர்ந்தவளுக்கு இது புதினமாக இருந்தது. “மறுமொழி சொல்லுவாரோ?” என்று குத்தலாகக் கேட்டாள்.

“இல்லை. ஆனால் இருக்கிறார். என்ர மனுசன் செத்த வருசம் ஆண்டவரோட சண்டை பிடிச்சனான். வாயில வந்ததெல்லாம் பேசினனான். எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு பக்கத்தில இருந்தார் அக்கா, எழும்பிப் போகேல்லை. அது விளங்கின பிறகுதான் எனக்கு நித்திரை வந்தது. இப்ப வலை பொத்தேக்கையும் கதைப்பன். அவரிட்ட ஒண்டும் தாரும் எண்டு கேக்கிறேல்லை. அவர் இருக்கிறார் எண்ட சந்தோசம்தான்.”

அன்னபூரணம் அந்த முகத்தில் பொய்யைத் தேடினாள். அகப்படவில்லை. ஒன்றுமில்லாத அந்த விதவைமேல் அவளுக்குப் பொறாமை வந்தது.

ஐயாத்துரை வீடு திரும்பியதும் சுற்றி வளைக்காமல் கேட்டாள். “பின்னேரத்தில எங்கை போறனீங்கள்?”

“சாட்டிக் கடற்கரைக்கு.”

“ஆரைப் பாக்க?”

“ஒருத்தரையும் இல்லை. அங்கை என்னை ஒருத்தரும் வேவு பாக்கிறேல்லை. அதுதான் போறனான்.”

கோபமாகக்கூடச் சொல்லவில்லை. கதிரையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.  அன்னபூரணம் மற்றக் கதிரையை இழுத்து அவருக்குப் பக்கத்தில் போட்டு இருந்தாள்.

“நாளைக்கு நானும் வரட்டோ?”

ஐயாத்துரை கண்ணைத் திறந்து அவளை ஏற இறங்கப் பார்த்தார். “என்னத்துக்கு? ஆர் வருகினம் எண்டு பாக்கவோ?”

இல்லை என்று அன்னபூரணம் தலையாட்டினாள். அவர் அதை நம்பியதாகத் தெரியவில்லை.