கழுகு காட்டிய படகுக்காரர்

பங்கோர் தீவைச் சுற்றிக் காட்டி, தூண்டில் போடவும் அழைத்துப் போகும் படகுக்காரர் அவர். வெயிலில் காய்ந்த மெலிந்த உடம்பு, தலையில் ஒரு சிவப்புத் துண்டு. ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைத்தான் பார்ப்பார்.

கேமரன் மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து எட்டுப் பேர் போயிருந்தோம். ஈரமான இடம் என்றால் எங்களுக்கு ரப்பர் பூட்ஸ்தான். நான் கடலுக்கும் அதையே போட்டுக்கொண்டு போனேன்.

"அண்ணே, பூட்ஸ கழட்டுங்க. தண்ணில விழுந்தா ரொம்பி உள்ள இழுத்துரும்," என்றார்.

நான் அசையவில்லை. புல்வெட்டும் மெஷினில் என் இடது காலில் மூன்று விரல்கள் போய்விட்டன. மனைவியைத் தவிர யாருக்கும் அந்தக் காலைக் காட்டியதில்லை.

"கடல்லயும் அட்டை கடிக்கும்னு பயப்படுறாரு லா!" என்றான் கூட்டாளி ஒருவன். எல்லாரும் சிரித்தார்கள். இறங்கிவிடலாம் என்று எழுந்தேன்.

படகுக்காரர் சட்டென்று கரையைக் காட்டினார். "அந்த மரத்துல பாருங்க, கழுகு!"

எல்லாரும் திரும்பினார்கள். அவரும் அங்கேயே பார்த்தபடி, தலைத் துண்டை உருவி என் கையில் திணித்தார்.

"இப்ப கழட்டுங்கண்ணே," என்றார் மெதுவாக.

உட்கார்ந்து கழற்றி, காலைத் துண்டால் மூடிக்கொண்டேன்.

"எங்க லா கழுகு?" என்று கேட்டார்கள்.

"பறந்துருச்சு," என்று சொல்லி மோட்டார் கயிற்றை இழுத்தார்.

நடுக்கடலில் என் தூண்டிலை ஒரு மீன் பலமாக இழுத்தது. இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு எழுந்தபோது துண்டு நழுவி விழுந்தது. குனிந்து எடுக்க எனக்குத் தோன்றவில்லை.

என்னைத் தடுத்தது வெட்கம்தான் என்று அவருக்கு எப்படித் தெரிந்தது? கரையில் இறங்கியதும் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டேன். வெறுங்காலோடு பஸ்வரைக்கும் நடந்தேன்.