பின்னால் வரும் வெள்ளை வான்

விபோர்க்கிலிருந்து ஹொல்ஸ்டெப்ரோ போகும் வீதியில் ஒரு வெள்ளை ஹையேஸ் வான் எங்கள் காருக்குப் பின்னால் வந்துகொண்டிருக்கிறது. நான் மெதுவாக ஓடினாலும் முந்துவதாக இல்லை. இந்த டேனிஷ் நாட்டில் தச்சனும் பெயின்ற்காரனும் ஓடுவது இந்த ஜப்பான் வான்தான். தெரிந்தும் என் பார்வை பின்புறம் காட்டும் கண்ணாடியை விட்டு விலகவில்லை. ஊரில் சண்டை முடிந்துவிட்டது என்று செய்தி வந்து சில நாட்கள்தான் ஆகின்றன.

"விடாமல் வாறான். லைற்றை நூருங்கோ," என்கிறாள் என் மனைவி வசந்தி.

அவளுடைய தம்பியைக் கொழும்பில் ஏற்றிக்கொண்டு போனதும் ஒரு வெள்ளை வான்தான். இன்றுவரை தகவல் இல்லை.

பட்டப்பகலில் லைற்றை அணைத்து எங்கே ஒளிவது? ஆனாலும் எங்கள் பழைய கொரோலாவின் லைற்றை அணைக்கிறேன். உடனே வான்காரன் தன் லைற்றை அடித்து அடித்துக் காட்டுகிறான்.

ஓரத்தில் நிறுத்துகிறேன். அவனும் நிறுத்துகிறான்.

"ஏன் நிப்பாட்டினீங்கள்?" என்கிறாள் வசந்தி.

தச்சுவேலை உடுப்போடு ஒரு டேனிஷ்காரன் மழைத் தூறலில் வந்து நிற்கிறான். கண்ணாடியை ஒரு விரலளவு இறக்குகிறேன்.

"உங்கள் பின் லைற் திடீரென்று நின்றுவிட்டது. இங்கே பகலிலும் எரிய வேண்டும், தெரியுமா?"

"தெரியும்."

"பல்ப் போயிருக்கும். என்னிடம் ஒன்று இருக்கிறது."

என் பதிலுக்குக் காத்திராமல் போய் வானின் பக்கக் கதவை இழுத்துத் திறக்கிறான். உள்ளே பலகைகள், ஏணி, பெயின்ற் வாளி.

வசந்தி இறங்கிப் போகிறாள். பலகைகளை விலக்கி, வானின் பின் மூலைவரை எட்டிப் பார்க்கிறாள்.

"உங்கள் மனைவி என்ன தேடுகிறார்?" என்று அவன் என்னிடம் கேட்கிறான்.

நான் லைற்றைப் போடுகிறேன்.